சயாமுக்குப் போன கூட்டாளிகள்: கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் கையறுநிலை

செத்தாரைத் துஞ்சினார் என்று சொல்வதும் சுடுகாட்டை நன்காடு என்று சொல்வதும் மங்கல வழக்கு என்பதை நன்னூல் பயிலும் மாணவர் அறிவர். இறப்பை நேரே சொல்லத் தமிழர் நா கூசும். காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், தவறிவிட்டார் என்று பலவாறாகச் சுற்றிச் சொல்வோம். எத்துணைச் சுற்றிச் சொன்னாலும் இச்சொற்களுக்குள் ஓர் உறுதி உண்டு. வினை முற்றுப் பெற்றுவிடுகிறது. ஒருவர் இனி இல்லை என்பது ஐயமறத் தெரிந்த பிறகே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரிடம் இந்த வரிசையில் அடங்காத ஒரு வழக்கை 1980களில் நாம் மீண்டும் மீண்டும் கேட்டோம். 'சயாமுக்குப் போனவர்' என்பது அது. இலக்கணப்படி நோக்கினால் எளிய வினையாலணையும் பெயர். ஆயினும் அது குறித்த மனிதர் இறந்தவரும் அல்லர், இருப்பவரும் அல்லர். போதல் என்னும் வினை முடிந்துவிட்டது. வருதல் என்னும் வினை நிகழவே இல்லை. அவருடைய மனைவியைக் கைம்பெண் என்று சொல்ல ஊர் தயங்கியது. 'சயாமுக்குப் போனவர் வீடு' என்றே அந்த வீட்டுக்குப் பெயர். இவ்வழக்கு எவ்வாறு பிறந்தது, போனவர்களை மறவாமல் காத்தவர் யாவர் என்பனவே இவ்வுரையின் பொருள்.

இடத்தை முதலில் சொல்லிவிடுவோம். சிலாங்கூர் ஆற்றின் கழிமுகத்தில் கோலசிலாங்கூர். அங்கிருந்து ஆற்றோடு உள்நாட்டுப் பக்கம் சென்றால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை; அதற்கும் வடகிழக்கே உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, ராசா, கெர்லிங். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்நிலம் முழுவதும் கித்தாக் காடாயிற்று. பத்தாங் பெர்சுந்தைக்கு அருகில் தென்னமரம் என்றே பெயர் கொண்ட ஒரு தோட்டம் உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் அது உருவாயிற்று. அதை நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசு பெற்றார். தென்னையின் பெயரில் செம்பனை வளர்ந்த அந்த முரணை நாம் மாணவர்க்கு அடிக்கடி சொல்வதுண்டு. ஊர்ப்பெயர் பொருளைக் கைவிட்ட பின்னும் வாழும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று நம் பக்கத்தில் இல்லை. பத்தாங் பெர்சுந்தையோ 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. முதியோர் வாயில் பழைய பெயரே நிற்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா முழுவதும் சப்பானியர் கைக்குள் வந்தது. கித்தாவுக்கு ஏற்றுமதிச் சந்தை இல்லை, பால்வெட்டு நின்றது, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே உணவு. அந்த நிலையில்தான் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இருப்புப்பாதைக்கு ஆள் எடுத்தார்கள். நோங் பிளாடுக் முதல் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். காடு, மலை, குவாய் ஆற்றங்கரை. 1942இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களையே பெயர்த்து அங்கே கொண்டு சென்றனர். தண்டவாளத்தோடு மனிதரையும் கொண்டு சென்றனர். தொடக்கத்தில் நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, உணவும் இருப்பிடமும் உண்டு என்று ஆசை காட்டினர். போனவர் திரும்பாத செய்தி பரவியதும் ஆசை காட்டுவது பயன்படவில்லை. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டனர். இலவசப் படம் காட்டுவதாக அழைத்துக் கொட்டகைக் கதவை அடைத்து ஆட்களை லாரியில் ஏற்றிய நிகழ்ச்சிகளும் மலாயாவில் நடந்தன. பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் நம் கிராணிகளும் கங்காணிகளுமே என்பதை மறைத்துப் பயனில்லை. அந்தக் கசப்பு தோட்டங்களில் ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது.

போருக்குப் பின் தொகுத்த கணக்கின்படி மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 78,000 பேர். இறந்தோர் 29,000க்கு மேல். சென்றவருள் மலாய்க்காரரும் சீனரும் உண்டு. பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். இறந்தோர் தொகை இதனினும் மிகுதி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. 1931இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலுமாக 620,000 அளவில் இருந்த இந்தியர் தொகை, 1947 கணக்கெடுப்பில் 600,000க்குச் சற்றுக் கீழே இறங்கிற்று. மற்ற இனத்தவர் தொகை கூடிய காலத்தில் இவர்கள் தொகை குறைந்தது. அதற்குக் காரணம் சயாம் மட்டுமன்று. பஞ்சமும் தாயகம் திரும்பியதும் சேர்ந்தன. ஆயினும் சயாமின் பங்கு பெரிது.

அதே பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளும் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1945இல் போர் முடிந்த சில வாரங்களிலேயே ஒரு சிறு குழு அந்தப் பாதை நெடுகச் சென்று அவர்களின் 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. இது எவ்வாறு இயன்றது? படையில் ஆளுக்கு எண் உண்டு. பிரிவுக்குப் பட்டியல் உண்டு. முகாமில் மருத்துவர் உண்டு. யார், எந்த நாள், எந்த நோயால் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று கைதிகள் காவலருக்குத் தெரியாமல் எழுதி மறைத்து வைத்தனர். இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கற்கள் வரிசையாக நிற்கின்றன. தமிழர் முகாம்களில் பட்டியலும் இல்லை, மருத்துவரும் இல்லை. 1943இன் நடுவில் மழையோடு வாந்திபேதி வந்தபோது குடும்பமாகச் சென்றவர்கள் குடும்பமாக மாண்டனர். குழியிலிட்டதும் உண்டு, எரித்ததும் உண்டு. எழுதி வைக்க ஆளில்லை. எழுத்தறிந்தோர் மிகச் சிலர், தாளும் இல்லை.

ஆனால் பட்டியலே இல்லை என்று முடித்துவிடுவதை நாம் ஏற்கவில்லை. பட்டியல் இருந்தது. அது கூட்டாளிகளின் நெஞ்சில் இருந்தது.

கூட்டாளி என்ற சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இச்சொல் இன்று வணிகப் பங்காளியையோ குற்றத்தில் உடனிருந்தவனையோ குறிக்கும். செய்தித்தாளில் 'கூட்டாளி கைது' என்று படித்தால் அங்குள்ளோர் வியப்படைவதில்லை. மலேசியத் தமிழில் அது தூய நட்பைக் குறிக்கும். பள்ளிப் பிள்ளை தன் தோழனை 'என் கூட்டாளி' என்றே சொல்வான். தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் இதைப் பிழை என்று திருத்தியதை நாம் கண்டதுண்டு, திருத்த வேண்டியதில்லை. ஒரே பெரட்டில் நின்று, அடுத்தடுத்த நிரையில் பால்வெட்டி, ஒரே லயத்தில் சுவரைப் பங்கிட்டு வாழ்ந்தவர்களுக்கு அச்சொல் மிகப் பொருத்தம். பங்காளி ஊரில் தங்கிவிட்டான்; கூட்டாளி பக்கத்து வீட்டில் இருந்தான்.

இந்த வேறுபாடு சாவு வீட்டில்தான் முழுமையாகத் தெரியும். தமிழர் சாவுச் சடங்கு உறவுமுறையால் கட்டப்பட்டது. கொள்ளி வைப்பவன் மகன். கோடி போடுபவர் பிறந்த வீட்டார். நீர்மாலை எடுப்போர் இன்னார், நெய்ப்பந்தம் பிடிப்போர் பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொன்றுக்கும் உரியவர் உண்டு. ஒப்பாரி பெண்களுடையது, அதிலும் மகள், மனைவி, தங்கை என்ற முறை வைத்தே அழுவார்கள். இந்த ஏற்பாட்டில் நண்பனுக்கு இடம் எங்கே? பாடையைத் தூக்கத் தோள் கொடுக்கலாம். வாய்க்கரிசி இடும் வரிசையின் கடைசியில் நிற்கலாம். அவ்வளவே. அவன் அழுவதற்குப் பாட்டும் இல்லை, முறையும் இல்லை.

வியப்பு என்னவென்றால், சடங்கு கைவிட்ட நண்பனை இலக்கியம் நடுவீட்டில் உட்கார வைத்தது. இறந்தோர்பொருட்டு எஞ்சியோர் வருந்தும் நிலையைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையில் கையறுநிலை என்று பெயரிட்டு வைத்தது. புறநானூற்றில் அத்துறைப் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். பாரியை இழந்த கபிலர், அதியமானை இழந்த ஔவையார், கோப்பெருஞ்சோழனை இழந்த பொத்தியார் என்று உறவினர் அல்லாதவர்களே அங்கு மிகுதி. பாரியின் மக்கள் தந்தையைப் பாடியதும், பூதப்பாண்டியனின் தேவி தீப்பாயும்போது பாடியதும் உண்டு. ஆனால் நம் நினைவில் ஓங்கி நிற்பது நண்பர் குரல்தான்.

பிசிராந்தையாரை எல்லோருக்கும் தெரியும். காணாமலே நட்புக் கொண்டு, வடக்கிருந்த சோழன் பக்கத்தில் வந்து அமர்ந்து உயிர்விட்டவர். பொத்தியாரை மாணவர் அவ்வளவாக அறியார். அவரும் அரசனோடு வடக்கிருக்க வந்தவரே. மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பின் வா என்று அரசன் திருப்பியனுப்பிவிட்டான். அவர் மீண்டு வந்தபோது அரசன் நடுகல்லாகியிருந்தான். அக்கல்லைப் பார்த்து எனக்குரிய இடம் எது என்று கேட்கும் நிலை அவருக்கு வாய்த்தது. நண்பனோடு சாகும் பேறு பிசிராந்தையாருக்கு. நண்பன் செத்த பின் வந்து நிற்கும் துயரம் பொத்தியாருக்கு. இரண்டில் எது கடினம் என்று கேட்டால், நாம் பொத்தியார் பக்கமே சாய்வோம்.

1945இன் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் சயாமிலிருந்து கோலசிலாங்கூர்த் தோட்டங்களுக்குத் திரும்பியவர்கள் பொத்தியார்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கேள்வி கேட்க அவர்களுக்குக் கல் இல்லை. மாறாக, அவர்களையே ஊர் கேட்டது.

தமிழில் இரங்கல் தெரிவிக்கப் போவதைத் துக்கம் கேட்கப் போவது, துக்கம் விசாரிப்பது என்கிறோம். சொல்லமைப்பு கவனத்திற்குரியது. வந்தவர் கேட்க வேண்டும். இழந்தவர் சொல்ல வேண்டும். எப்படி இருந்தார், கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரைத் தேடினார், உயிர் எப்போது பிரிந்தது என்று மனைவியோ மகனோ வந்தவர்க்கெல்லாம் சொல்லிச் சொல்லி, பதினாறாம் நாளுக்குள் அந்தச் சாவு சொல்லக்கூடிய ஒரு கதையாகிவிடும். துயரம் ஆறுவதற்குத் தமிழர் கண்ட வழிகளுள் இது மிகத் தொன்மையானதும் மிகத் திறமுடையதும் என்பது நம் துணிபு. சயாம்ச் சாவில் இது தலைகீழாயிற்று. இழந்த மனைவிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவளே கேட்க வேண்டியவளானாள். வந்த கூட்டாளியே சொல்ல வேண்டியவனானான். திரும்பி வந்தவன் லயத்தில் கால் வைத்த அன்றே அவன் வாசலில் பெண்கள் கூடினர் என்று முதியோர் பலர் நம்மிடம் சொன்னதுண்டு. வந்தவன் எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு இருப்பான். அவன் சொல்லும் ஒரு சொல்லில் ஒருத்தியின் தாலி கழன்றுவிடும். சொல்லாவிட்டால் அவள் ஆயுள் முழுதும் வாசலைப் பார்த்திருப்பாள். கண்ணால் கண்டதை மட்டும் சொன்னவர்கள் இருந்தனர்; கேள்விப்பட்டதைச் சொல்ல மறுத்தவர்கள் இருந்தனர்; பிணத்தைத் தாமே எரித்திருந்தும், வேறு முகாமுக்குப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டுப் பல ஆண்டு உள்ளுக்குள் வெந்தவர்களும் இருந்தனர். பொய் சொன்னவர்களை நாம் குறை சொல்லமாட்டோம்.

வட்டார வழக்குச் சொற்களைப் பதிவு செய்யவே நாம் அக்காலத்தில் அத்தோட்டங்களுக்குச் சென்றோம். பால்வாளி, மங்கு, நிரை, ஆயாக்கொட்டகை என்று சொல் திரட்டிக்கொண்டிருக்கையில் சயாம் தானாக வந்துவிடும். பேசியவர்கள் வெவ்வேறு தோட்டத்தார், ஒருவரையொருவர் அறியாதவர். ஆயினும் கதையின் அடுக்கு பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. முதலில் தோட்டத்தின் பெயர். பிறகு இறந்தவன் இன்னார் மகன், இன்ன லயத்தான் என்பது. பிறகு அவன் பெயர். பிறகு இறந்த விதம். கடைசியாக அவன் கேட்டது. பெரும்பாலும் அது தண்ணீர். சில வேளை வெற்றிலை. தம்மைப் பற்றி, தாம் எப்படிப் பிழைத்தோம் என்பது பற்றி, அவர்கள் கேட்டாலன்றிச் சொல்லமாட்டார்கள்.

இந்த அடுக்கை நாம் வேறோரிடத்தில் கண்டிருக்கிறோம். செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அரசன் ஆண்டு, தலைவன் பெயர், ஊர், இன்னார் சேவகன், வீரன் பெயர், பட்ட விதம் என்று ஏறத்தாழ இதே முறையில் பொறித்திருப்பர். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளி பல்லவர் காலக் கல்வெட்டைப் பார்த்துப் பேசினார் என்று சொல்லவரவில்லை. இறந்தவனை மறதியிலிருந்து மீட்க எவையெவை தேவை என்று மக்கள் மனம் கருதுகிறதோ அவற்றையே கல்லும் சொல்லும், வாயும் சொல்லும். அவ்வட்டாரத்து எடுத்தனூரில், கள்வரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது. நாய்க்குப் பெயர் பொறித்த மரபில் வந்தவர்கள் பல்லாயிரவரைப் பெயரின்றிக் காட்டில் விட்டுவந்தார்கள். முகாமில் உயிர்தப்பியவர்களின் நெஞ்சை அரித்தது சாவு மட்டுமன்று, இதுவும்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

சொன்னதோடு கூட்டாளியின் கடன் முடியவில்லை. பாரி இறந்த பின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணம் பேசியவர் கபிலர். அரசர் இருவரும் மறுத்தனர். பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுப் பிற்கால மரபைச் சொல்கிறது. தீப்புகுந்ததைவிட மணம் பேசிய நடையே நமக்குப் பெரிதாகப் படுகிறது. தோட்டங்களிலும் அதுவே நடந்தது. இறந்தவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தவர், மகனைப் பால்வெட்டில் சேர்த்துவிட்டவர், திருமணப் பந்தலில் தந்தை இடத்தில் நின்றவர் என்று கூட்டாளிகள் உறவாயினர். அப்பிள்ளைகள் அவர்களைச் சித்தப்பா என்றோ பெரியப்பா என்றோ அழைத்தனர். சாதி வேறாயினும் அழைத்தனர். இரு தலைமுறை கழித்து, இவர் எங்களுக்கு எந்த வழியில் சித்தப்பா என்று பேரப்பிள்ளைகள் கேட்டபோது வீட்டில் சயாம் கதை வெளிவந்தது.

உடலில்லாச் சாவுக்குத் தருப்பையால் உருவம் செய்து எரிக்கலாம் என்று சாத்திரம் வழி காட்டுகிறது. தோட்டத்தில் அதற்குப் புரோகிதரும் இல்லை, பணமும் இல்லை. புறப்பட்டுப் போன நாளையே திதியாகக் கொண்டு படையல் வைத்த வீடுகளை நாம் அறிவோம். நம்பிக்கையை விடாமல் படைக்காமலே இருந்த வீடுகளையும் அறிவோம்.

நெடுங்காலம் இது வீட்டுக்குள் அடங்கிய பேச்சாகவே இருந்தது. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957இல் வந்த ஆங்கிலப் படம் உலகெங்கும் ஓடியது. அதில் நம்மவர் துயருக்கு இடமில்லை. தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களே இப்பொருளை வீட்டுத் திண்ணையிலிருந்து நூலகத்துக்குக் கொண்டு சென்றன. இரண்டாவது நூலின் தலைப்பை மாணவர் கருதிப் பார்க்க வேண்டும். அது வெளிவந்த காலத்தில் அந்த நூலையன்றி வேறு சின்னம் எங்கே இருந்தது?

கூட்டாளிகள் ஒரே இடத்தில் வாழ்ந்தவரை நினைவு கலையவில்லை. 1969க்குப் பின் குடியுரிமையும் வேலை அனுமதியும் இல்லாமல் ஏறத்தாழ 60,000 பேர் தமிழகம் திரும்பினர். கப்பலேறிய கூட்டாளியின் சாவுச் செய்தி பிறகு கடிதத்தில் வந்தது. பல வேளை வரவேயில்லை. எஞ்சியோரைத் தோட்டத் துண்டாடலும், பின்னர் நகர் வளர்ச்சியும் கலைத்தன. புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் என்னும் ஐந்து தோட்டத்து மக்கள் லயங்களை விட்டு வெளியேறி வீட்டுக்காகப் பல ஆண்டு போராடியது நம் காலத்துக் கதை. லயம் போனால் சுவர் மட்டுமா போகிறது? எந்த வீட்டில் சாவு என்று தப்பொலி கேட்டே அறிந்தவர்கள், நாளிதழின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைப் பார்த்துக் கூட்டாளியின் மறைவை அறியும் காலம் வந்தது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றபோது, நாளும் அந்தப் பக்கத்தை முதலில் பிரிக்கும் முதியோர் சிலர், இனி யார் இறந்தார் என்று எப்படித் தெரியும் என்றுதான் கேட்டனர். தலையங்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

2023இல் காஞ்சனபுரியில் தமிழர்க்கு ஒரு நடுகல் எழுந்தது. எண்பது ஆண்டு பிந்தி வந்தாலும், நடுகல் என்னும் பழஞ்சொல்லையே அதற்குத் தேர்ந்தனர் என்பதில் நமக்கு மகிழ்ச்சி. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளில் முதலாவது, கல்லைத் தேடிக் காண்பது. அவ்வரிசையில் இன்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது, அது பெயர்.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒன்று சொல்லலாம். பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். சயாமிலிருந்து திரும்பியவர்கள் சிலர் தம் தந்தை பெயரை விட்டுவிட்டு, அங்கே இழந்த கூட்டாளியின் பெயரைத் தம் மகனுக்கு வைத்தனர். குடும்பத்தில் முன்பு எவருக்கும் இல்லாத அப்பெயர் பிறகு பேரனுக்கும் வந்தது. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளில் அப்பெயர்கள் இருக்கும். யார் பெயர் அது என்று வீட்டில் கேட்டு எழுதி வருமாறு மாணவரிடம் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர், இன்னார் மகன், இறந்த விதம் என்ற பழைய அடுக்கிலேயே எழுதட்டும். சொல்லக்கூடிய முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்களைத் தேடிப் போகும்போது வெற்றிலை வாங்கிக்கொண்டு போக வேண்டும்.